குழலுக்கு முன்னால் குரல்

புல்லாங்குழல் கற்க வருகிறவர்கள் முதலில் கேட்பது விரலை எங்கே வைப்பது என்பதைத்தான். துளைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆகவே சுரங்களும் அந்தத் துளைகளுக்குள்ளேயே இருப்பதாக நம்பிவிடுகிறார்கள். வீணையில் அந்த நம்பிக்கைக்குக் கொஞ்சம் நியாயம் உண்டு. 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்தவர் ஒழுங்காகப் பதித்திருந்தால், விரல் வைத்த இடத்தில் சுரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். குழலில் கதை வேறு. விரலை அசைக்காமல் மூச்சின் வேகத்தைக் கூட்டினால் சுருதி ஏறும். குழலை உதட்டுப் பக்கம் சற்று உருட்டினால் இறங்கும். உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் அரைச் சுரத்தில் கால் பங்குக்கு மேலேயே சுருதி ஏறிவிடும். ஆனியிலும் ஆடியிலும் குற்றாலச் சாரலில் குளிர்ந்து கிடக்கும் குழலும், சித்திரை வெயிலில் ராயகிரித் திண்ணையில் கிடக்கும் குழலும் ஒரே குழலாக இருந்தாலும் ஒரே சுருதியில் பேசாது. துளை போட்டவர் தோராயமாக ஓர் இடத்தைக் காட்டுகிறார், அவ்வளவுதான். மிச்சத்தை மூச்சும் உதடும் செய்கின்றன. அவற்றுக்கு உத்தரவு போட வேண்டியது காது.

அந்தக் காது எப்படி வரும்? வாய்விட்டுப் பாடினால் வரும் என்பது என் கட்சி. குழலிசையின் வரலாறும் இதற்குச் சாட்சி சொல்கிறது. திருவிடைமருதூரில் 1926இல் பிறந்த டி.ஆர். மகாலிங்கம் (சோழவந்தான் நடிகர் அல்ல, ‘மாலி’) முதலில் கற்றது வாய்ப்பாட்டு. குழலைத் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டார். சிறுவனாக 1933இல் மயிலாப்பூரில் மேடையேறியவர், பிறகு விரல் வைக்கும் முறையையே மாற்றினார். துளையை முழுதாக மூடுவது, திறப்பது என்ற இரண்டோடு நில்லாமல், பாதி மூடி, வழுக்கி, மூச்சை வளைத்து, பாடகரின் கமகத்தைக் குழலில் கொண்டுவந்தார். அந்த விரல் முறை எங்கிருந்தோ வந்து அவருக்குக் கமகத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஏற்கெனவே காதில் இருந்த கமகத்துக்காக அவர் அந்த முறையைத் தேடிப் போனார். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் சீடரும் வீணை தனம்மாளின் பேரனுமான டி. விசுவநாதன் ஒரு படி மேலே போய், கச்சேரி நடுவிலேயே குழலை இறக்கிவிட்டுப் பாடுவார். நம் பக்கத்துக்கு வந்தால், ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் ஆபேரியில் ஒன்றையொன்று துரத்துவதைக் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். காற்றுக் கருவி குரலின் பின்னால் போகும்போது எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு 1962ஆம் ஆண்டின் அந்தப் பாட்டே போதும்.

மாலி பிறவி மேதை, அவரைக் காட்டி மற்றவர்களை அளக்கலாமா என்று கேட்கலாம். மேதைக்கு வேகம் பிறவியில் வந்திருக்கலாம். ஆனால் குழலுக்கு வேண்டிய காது அத்தனை அபூர்வமான பொருள் இல்லை. எந்த ஒலியைக் கேட்டாலும் அதன் பெயரைச் சொல்லும் திறமை நம் சங்கீதத்துக்குத் தேவையே இல்லை. நமக்கு ஸ என்பது அவரவர் வைத்துக்கொள்ளும் சுருதி. அதிலிருந்து மற்றவை எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் போதும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தை, சரளி வரிசையைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் இந்த வட்டாரத்தில் சுருதி விலகாமல் பாடுகிறார்கள். காது அவர்களிடம் இருக்கிறது. சுரத்தின் பெயர்தான் தெரியாது. குரல் நன்றாக இல்லாததால்தான் குழலுக்கு வந்தேன் என்பவருக்கும் இதே பதில். இனிமை தேவையில்லை. கரகரத்த தொண்டையிலும் ஸ நிற்கும்.

இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது. கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி இருக்கும்போது காதை ஏன் பாடுபடுத்த வேண்டும்? நீளமாக நிறுத்திய ஒற்றைச் சுரத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. தோடியின் காந்தாரத்தைக் காட்டச் சொன்னால் முள் அல்லாடும். அந்தக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைவதுதான் அதன் உருவம். எட்டயபுரத்தில் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்ட சுப்பராம தீட்சிதர், கமகங்களுக்கென்று தனிக் குறிகளே போட்டு எழுதினார். பெரும் உழைப்பு. ஆனாலும் தோடியை ஒருமுறையாவது கேட்டவருக்குத்தான் அந்தக் குறிகள் பேசும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பல செயலிகளும் பெரும்பாலான கீபோர்டுகளும் 12 சம பங்கு கணக்கில் இயங்குகின்றன. நன்றாகச் சேர்த்த தம்புராவில் ஸ தந்தி அதிரும்போது தானாகவே ஒரு அந்தர காந்தாரம் கேட்கும். அது கீபோர்டின் காந்தாரத்தைவிட அரைச் சுரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இறக்கம். கீபோர்டை வைத்துக் காதைப் பழக்கிய பிள்ளைக்குத் தம்புராவின் காந்தாரம் இறங்கியதாகத் தோன்றும். பிழை தம்புராவில் இல்லை.

ஆகவே பயிற்சியைத் தம்புராவோடு தொடங்குவதே சரி. மின் தம்புராவானாலும் குற்றமில்லை. ஸ பாடி, அதே ஸவை ஊதி, நீளமாக நிறுத்த வேண்டும். இரண்டு ஒலிகள் நெருங்கியும் சேராமல் இருந்தால் நாதம் அலைபோல ஏறி இறங்கும். நொடிக்கு மூன்று அதிர்வு விலகியிருந்தால் மூன்று அலை. சேரச் சேர அலை மெதுவாகி, நின்றே போகும். இதைக் கேட்கப் பழகியவருக்குப் பக்கத்தில் வாத்தியார் இல்லாவிட்டாலும் தன் தவறு தெரியும். ராயகிரி, சிவகிரிப் பக்கம் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே குழல் வாத்தியார் கிடைப்பது அரிது. பிள்ளைகள் கைப்பேசி வழியாகத்தான் கற்கிறார்கள். அதில் ஒலி தாமதமாகப் போகிறது, இருவரும் சேர்ந்து ஊத முடியாது. போதாததற்கு, இரைச்சலை வடிகட்டும் வசதி நீண்ட சுரத்தையே மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி வெட்டிவிடுகிறது. வகுப்புக்கு முன் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். நீண்ட சுரப் பயிற்சியை மட்டும் வகுப்பில் வைத்துக்கொள்ளாமல் தனியே, தம்புராவை எதிரே வைத்துச் செய்வது நல்லது.