மொத்தமாக இருந்தால் குளிர் தாங்குமா?

கடம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு பனிமலை உடுப்பைப் பற்றி எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். நம்மூர்க் குளிர் எனக்கும் தெரியும். மார்கழியில் விடியற்காலை ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் காதைச் சுற்றி ஒரு துண்டு கட்டுவார்கள். எட்டு மணிக்கு அதுவும் அவிழ்ந்துவிடும். ஆனால் இன்றைக்கு நம் பெண்கள் எங்கேதான் போகவில்லை? விருதுநகர் மாவட்டத்திலிருந்து வந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார். தமிழ்நாட்டுப் பெண்களில் அவர்தான் முதல். 1984-இல் இந்தியப் பெண்களில் முதலாவதாகப் பச்சேந்திரி பால் அங்கே ஏறி நின்றதும் அதே மே 23 தான்!

பச்சேந்திரி பால் பயிற்சி பெற்ற உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்துக்கு எங்கள் தெருப் பெண் ஒருத்தி போகப்போகிறாள். 28 நாள் அடிப்படைப் பயிற்சி. அவள் அம்மா இங்கே பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவள். நான் தைக்கிறவள் என்பதால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "அக்கா, இதெல்லாம் போதுமா பாருங்க" என்று எடுத்து அடுக்கினாள். நாலு பருத்தி பனியன், பருத்தி லெகிங்ஸ், இரண்டு நைட்டி, ஒரு சால்வை, மங்கி குல்லா. அப்புறம் செல்போனில் ஒரு கோட்டின் படம். மெத்தை மாதிரி மொத்தம், விலை எட்டாயிரம். "ரெண்டு மாச ஓவர்டைம் பணம்க்கா. போனாப் போகுது, பொண்ணு குளிர்ல நடுங்கக் கூடாது இல்ல?"

"கோட்டை அப்புறம் பார்க்கலாம். முதல்ல இந்த பனியனை எடுத்து உள்ளே வைம்மா" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு இது புரியாது. குளிர் என்றால் கனமாகப் போர்த்திக்கொள்வது என்றுதானே நாம் பழகியிருக்கிறோம்?

சித்திரை வெயிலில் மண்பானைக்கு ஈரத்துணி சுற்றி வைப்போமே, எதற்கு? துணியிலுள்ள ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் ஜில்லென்று ஆகும். மலை ஏறுகிறவள் உடம்பு அந்தப் பானைதான். முதுகில் மூட்டையோடு மேட்டில் ஏறினால் பனியிலும் வேர்க்கும். பருத்தி அந்த வேர்வையைக் குடித்துவிட்டு விடவே விடாது. நடக்கிறவரை தெரியாது. இளைப்பாற ஐந்து நிமிடம் உட்கார்ந்ததும் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஏறும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். கோடையில் நமக்குத் தாய் மாதிரி இருக்கிற பருத்தி, பனியில் மாமியார் வேலை செய்கிறது. (மாமியார்கள் மன்னிக்க வேண்டும். நானும் ஒரு மாமியார்தான்.)

அதனால் உடம்பைத் தொடுகிற துணி வேர்வையை வாங்கி வெளியே தள்ளுவதாக இருக்க வேண்டும். இரண்டே வகைதான். ஒன்று மெல்லிய பாலியெஸ்டர் பின்னல். விளையாட்டு வீரர்கள் போடுகிற பனியன் துணி. விலை குறைவு, சீக்கிரம் காயும், ஆனால் இரண்டு நாளில் நாறும். இன்னொன்று மெரினோ கம்பளி. கம்பளி என்றால் குத்துமே என்பீர்கள். குத்துவது முரட்டு இழை. மெரினோ இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் மேலே ஈரம் தெரியாது, வாடையும் அடிக்காது. இந்த இனத்துக்குச் சொந்தமான பாரத் மெரினோ ஆடுகளைக் கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலேயே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கிறார்கள். நம் ஊருக்கு ஒன்றும் அந்நியமில்லை.

இங்கே பெண்கள் எல்லோரும் கோட்டை விடுகிற ஓர் இடம் இருக்கிறது. மேலே போடுவதையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள், உள்ளாடை மட்டும் வழக்கமான பருத்தியாகவே இருக்கும். தோள் பட்டையும் மார்புக்குக் கீழே வருகிற பட்டையும் ஊறிப்போனால் அதற்கு மேல் எத்தனை போட்டு என்ன? ஓடுகிற பெண்கள் போடுகிற பாலியெஸ்டர் உள்ளாடை, கொக்கியில்லாதது, இரண்டு செட் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கடையில் ஆண்பிள்ளை எடுத்துச் சொல்லமாட்டான். அம்மாக்களும் கேட்கக் கூச்சப்படுவார்கள். அதனால்தான் நான் எழுதுகிறேன். மாதவிலக்கு நாட்கள் அங்கே வரும் என்றால் இன்னும் ஒரு ஜோடி அதிகமாக எடுத்து, ஈரம் போகாத பிளாஸ்டிக் பையில் தனியே கட்டி வையுங்கள்.

இரண்டாவது அடுக்குக்கு வேலை ஒன்றுதான், காற்றைப் பிடித்து வைப்பது. சூடு தருவது துணியல்ல, அதற்குள் அசையாமல் நிற்கிற காற்று. ஃப்ளீஸ் என்று பஞ்சு பஞ்சாக ஒரு துணி வருகிறதே, அது 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆலை ஒன்று கண்டுபிடித்தது. முழுக்க பாலியெஸ்டர். நாம் தூக்கிப் போடுகிற தண்ணீர் பாட்டிலை உருக்கியும் இப்போது அதே இழையை எடுக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்த நீல ஜாக்கெட் கூட பாட்டிலில் செய்த துணிதான். துணி போனது நம் கரூரிலிருந்து.

ஃப்ளீஸுக்கு மேலானது வாத்து இறகுப் பஞ்சு. இலவம்பஞ்சுத் தலையணையை வெயிலில் போட்டால் புஸ்ஸென்று உப்புகிறது பாருங்கள், அந்தக் குணம் இதற்கு நூறு பங்கு. சீட்டில் 550, 650, 800 என்று ஓர் எண் போட்டிருக்கும். ஓர் அவுன்ஸ் பஞ்சு உப்பி எத்தனை கன அங்குலத்தை அடைக்கும் என்பதே அது. எண் ஏற ஏற எடை குறைவாக, சூடு அதிகமாக இருக்கும். ஆனால் நனைந்தால் கோழிக்குஞ்சு மாதிரி சுருங்கிவிடும், ஒரு பிரயோஜனமும் இல்லை. மழையும் ஈரப்பனியும் இருக்கிற இடத்துக்குச் செயற்கைப் பஞ்சு அடைத்ததே மேல்.

இதற்குப் பதிலாக ஸ்வெட்டர் போதாதா? தாராளமாகப் போதும், கம்பளியாக இருந்தால்! குளிர்காலத்தில் சென்னையில் திபெத்தியர்கள் போடுகிற கடைகளில் நல்லதும் இருக்கும், வெறும் அக்ரிலிக்கும் இருக்கும். உள்தையலில் ஒரு நூலைப் பிடுங்கி, இடுக்கியில் பிடித்து, தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கறுப்பாக மணி மாதிரி இறுகிவிடும்.

மூன்றாவதுதான் வெளிக்கோட்டு. இதில் மொத்தம் வேண்டவே வேண்டாம். காற்றையும் தண்ணீரையும் தடுத்தால் போதும், ஆனால் உள்ளே இருக்கிற வேர்வை ஆவி வெளியே போக வேண்டும். நம்ம பிளாஸ்டிக் மழைக்கோட்டு மழையைத் தடுக்கும், கழற்றினால் உள்ளே நாமே நனைந்திருப்போம்! இரண்டும் ஒன்றாக நடக்க ஒரு வழி பிறந்தது 1969-இல். நான்ஸ்டிக் தவாவில் பூசுகிறார்களே, அதே பொருளை பாப் கோர் என்கிற அமெரிக்கர் வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது அறுந்து போகாமல் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகளோடு நீண்டது. நீராவி நுழையும், நீர்த்துளி நுழையாது. கோர்டெக்ஸ் என்று அதற்குப் பெயர். இன்றைக்கு அதே வேலையைச் செய்கிற துணிகள் பல பெயரில் வருகின்றன.

கடையில் சீட்டைப் புரட்டுங்கள். 10,000 மி.மீ. என்றிருந்தால், அந்தத் துணிமேல் பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை ஏற்றுகிறவரை ஒழுகாது என்று பொருள். நல்ல மழைக்கு அது போதும். பனியில் உட்கார்ந்து விழுந்து எழுகிறவர்களுக்கு 20,000 இருந்தால் நிம்மதி. கிராம் கணக்கில் இன்னோர் எண் இருக்கும். ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் துணி வழியாக எத்தனை கிராம் ஆவி வெளியேறும் என்பது அது. அப்புறம், தைக்கிறவள் சொல்கிறேன், கோட்டை உள்பக்கம் திருப்புங்கள். ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதானே? தையல் மேலே பட்டை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பட்டை இல்லையென்றால் அந்த 20,000 வெறும் எண்தான்.

மேலே தண்ணீர் உருண்டு ஓடப் பூசுகிற பூச்சில் பி.எஃப்.ஏ.எஸ். என்கிற ரசாயனம் இருந்து வந்தது. உடம்பிலும் மண்ணிலும் வருஷக்கணக்கில் அழியாமல் தங்குகிற சமாச்சாரம். 2025 ஜனவரியிலிருந்து கலிஃபோர்னியா மாநிலத்தில் துணிகளில் அதை வேண்டுமென்றே சேர்க்கத் தடை, சில வகைகளுக்கு மட்டும் அவகாசம். அது இல்லை என்று சீட்டில் போட்டதாகப் பார்த்து எடுங்கள்.

பனிச்சறுக்குக்கென்று தைத்த கோட்டில் வேடிக்கையான அங்கங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. இடுப்பில் உள்ளே எலாஸ்டிக் வைத்த குட்டிப் பாவாடை, விழுந்தால் பனி முதுகுக்கு ஏறாமல் இருக்க. அக்குளில் ஜிப், வேர்க்கும்போது திறந்துவிட. கால்சட்டையின் அடியில் பூட்ஸைக் கவ்விப் பிடிக்கிற உள்பட்டி. ஹெல்மெட்டுக்கு மேலே வருகிற அளவு பெரிய முக்காடு. மார்புக்குள்ளே ஒரு பை, குளிரில் போன் பேட்டரி செத்துவிடும் என்பதால். நடைப்பயணத்துக்கு மட்டும் போகிறவளுக்கு அந்தப் பாவாடையும் கால்பட்டியும் வேண்டாத செலவு.

காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டுப் பூட்ஸில் திணிக்காதீர்கள். இறுக்கினால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத விரல்தான் முதலில் மரத்துப்போகும். ஒரே ஒரு நல்ல கம்பளி சாக்ஸ், விரல் ஆடுகிற பூட்ஸ். கைக்கு விரல் விரலாக இருக்கிற உறையைவிட நான்கு விரலும் ஒன்றாகப் படுக்கிற உறை சூடு. மெட்டி, மோதிரம், வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். மலையில் கைகால் வீங்கும், மோதிரம் கழறாது. உலோகம் குளிரையும் இழுக்கும். தாலிக்கு மஞ்சள் சரடு போதும். கண்ணாடி அழகுக்கு இல்லை. புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவிகிதம் வரை கண்ணுக்கே திருப்பி அனுப்பும்.

உடுப்பு சரியில்லை என்றால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணிடமே சொல்லி வைத்தேன். உடம்புச் சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் உதறும், பிறகு பேச்சு குழறும், நடை தள்ளாடும், கை பித்தான் போட வராது. அப்படி யாரையாவது பார்த்தால் ஈர உடையைக் கழற்றி உலர்ந்ததைப் போட்டு, தலையோடு போர்த்தி, தன் நினைவோடு விழுங்க முடிந்தால் சூடாக இனிப்புப் பானம் கொடுத்து, உடனே மருத்துவ உதவிக்கு ஆள் அனுப்ப வேண்டும். கைகாலைத் தேய்க்கக் கூடாது. பிராந்தி கூடவே கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைவு இருக்கிற பெண்களுக்குக் குளிர் அதிகமாகத் தெரியும். கிளம்புமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எட்டாயிரம் கோட்டு என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். வேண்டாம் என்றேன். பயிற்சி நிலையங்கள் பெரிய சாமான்கள் பலவற்றைத் தாங்களே கொடுத்து வாங்கிக்கொள்ளும். பட்டியல் அனுப்புவார்கள், அதைப் பார்த்த பிறகு மீதியை வாங்கினால் போதும். மணாலி, சோலாங் பக்கம் சுற்றுலா போகிறவர்களுக்கு வழியெல்லாம் கடைகளில் கோட்டும் பூட்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். ஊர்பேர் தெரியாத பத்துப் பேர் போட்டதுதான், அதனால் உள்ளே கையும் காலும் மூடுகிற சொந்த உள்ளுடுப்பு அவசியம். உடம்பைத் தொடுவதைச் சொந்தத்தில் வாங்கு, வெளியே போடுவதை வாடகைக்கு எடு என்று அவளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு செட் உள்ளுடுப்பு, ஒரு ஃப்ளீஸ், இரண்டு ஜோடி சாக்ஸ், கையுறை எல்லாம் சேர்ந்து அந்தக் கோட்டு விலையில் பாதிகூட ஆகவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மலைக்கோட்டு நம்மூர்ப் பரணில் வாழாது. உள்ளே பூசியிருக்கிற பாலியூரிதேன் பூச்சு சூட்டிலும் புழுக்கத்திலும் பிசுபிசுத்து, பாம்புச் சட்டை மாதிரி உரியும். இரண்டு வருஷம் கழித்து எடுத்தால் கையில் ஒட்டும்.

அப்படியும் வாங்கியவர்கள் காற்றாட ஹேங்கரில் தொங்கவிடுங்கள், மடித்துப் பெட்டியில் அமுக்காதீர்கள். துவைக்கும்போது துணியை மென்மையாக்குகிற திரவம் ஒரு சொட்டு விடாதீர்கள், துளைகள் அடைந்துவிடும். இறகுப் பஞ்சு ஜாக்கெட்டை முறுக்கிப் பிழியக் கூடாது. நிழலில் தட்டையாகப் போட்டு, கட்டி கட்டியாக நிற்கிற பஞ்சைக் காயும்வரை கையால் தட்டித் தட்டிப் பிரித்துவிடுங்கள். நம் புழுக்கத்தில் இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.