சாந்திபத்தில் ஒரு பீட்

சாணக்யபுரியின் சாந்திபத்தில் காலை வேளையில் நடந்தால் அமெரிக்கத் தூதரகத்துக்கு வெளியே ஃபைலும் கையுமாக நிற்பவர்களைப் பார்க்கலாம். ஹிப்-ஹாப் பீட் செய்ய ஆசைப்படும் டெல்லி இளைஞனுக்கு இதே சாலை வேறு விதமாகத் தெரியக்கூடும். அவன் தன் கம்ப்யூட்டரில் ஏற்ற நினைக்கும் சாஃப்ட்வேர்களின் தாய்நாடுகள் பலவும் இந்த வட்டாரத்தில்தான் கொடி ஏற்றிவைத்திருக்கின்றன. கியூபேஸ், ஏபிள்டன் என்றால் ஜெர்மனி. எஃப்.எல். ஸ்டூடியோ என்றால் பெல்ஜியம். ப்ரோ டூல்ஸ், கராஜ்பேண்ட் என்றால் அமெரிக்கா. பேண்ட்லேப் வேண்டுமானால் சந்திரகுப்தா மார்க் பக்கம் திரும்பி சிங்கப்பூரைத் தேட வேண்டும். விசா வேண்டாம் என்பது ஒரு சௌகரியம். ஆனால் இதுவும் ஒரு குடியேற்றம்தான். ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டால் மூட்டை முடிச்சோடு திரும்புவது லேசில்லை.

‘எதை வாங்குவது?’ என்ற கேள்வியை டெல்லியில் இப்போது யாரும் பொழுதுபோக்குக்காகக் கேட்பதில்லை. 2017ல் பிரப் தீப்பின் ‘கிளாஸ்-சிக்’, 2018ல் சீதே மௌத் இரட்டையரின் ‘பயான்’ என்று தலைநகரிலிருந்து புறப்பட்ட இரண்டு ஆல்பங்களுக்கும் பீட் செய்தவர் டெல்லிக்காரரான சஜீல் கபூர். ‘செஸ் ஆன் த பீட்’ என்றால்தான் பலருக்குத் தெரியும். மும்பையின் ‘மேரே கலி மே’ (2015) பாட்டும் அவர் கைவண்ணமே. அது 2019ல் ‘கல்லி பாய்’ படம் வரை போனது. ஆக, பீட் செய்வது ஒரு பிழைப்பு என்பதை வீட்டில் அப்பாவிடம் சொல்ல இன்று ஆதாரம் இருக்கிறது. அப்பா ஒப்புக்கொள்வாரா என்பது வேறு கதை.

பெரும்பாலான பையன்கள் முதலில் தட்டும் கதவு பெல்ஜியத்தினுடையது. சாணக்யபுரியில் அந்த நாட்டுத் தூதரகம் செங்கல் வளைவுகளும் குவிமாடங்களுமாக நிற்கும் ஒரு விசித்திரக் கட்டடம். வடிவமைத்தவர் ஓவியர் சதீஷ் குஜ்ரால். கட்டடக்கலையில் பட்டம் பெறாதவர், சிறுவயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர். பெல்ஜியத்திலிருந்து வந்த சாஃப்ட்வேரும் இசையைக் கண்ணால் பார்க்க வைத்துத்தான் பிரபலமானது என்பது தற்செயலான பொருத்தம். டிடியே டாம்பிரான் என்ற புரோகிராமர் எழுதி 1997 இறுதியில் வெளிவந்தபோது அதன் பெயர் ஃப்ரூட்டி லூப்ஸ். கெல்லாக்ஸ் கம்பெனியின் ‘ஃப்ரூட் லூப்ஸ்’ தானியத்தோடு பெயர்ச் சிக்கல் வந்து, 2003ல் எஃப்.எல். ஸ்டூடியோ ஆனது. திறந்ததும் ஒரு வரிசையில் 16 கட்டங்கள். எந்தக் கட்டத்தைத் தட்டுகிறோமோ அங்கே டிரம் விழும். ஸ்வரம் தெரியாதவனுக்கும் அரை மணி நேரத்தில் ஒரு தாளம் கிடைத்துவிடுகிறது. 2007ல் அமெரிக்காவைக் கலக்கிய சோல்ஜா பாயின் ‘க்ராங்க் தட்’ இதில் செய்யப்பட்டதுதான்.

கடையில் யாரும் சொல்லாத விஷயங்களும் இதில் உண்டு. இலவசச் சோதனைப் பதிப்பில் நாள் முழுக்க வேலை செய்யலாம், சேமிக்கலாம், பாட்டாக வெளியே எடுக்கவும் செய்யலாம். ஆனால் சேமித்ததை மறுநாள் திறந்து தொடர வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். 99 டாலர் விலையுள்ள ஆரம்பப் பதிப்பில் குரலைப் பதிவு செய்யும் வசதி இல்லை. வெறும் பீட் விற்பவனுக்கு அது போதும். தானே ராப் பாடுகிறவன் அடுத்த பதிப்புக்குப் போயாக வேண்டும். மறுபக்கம், ஒருமுறை வாங்கினால் பின்னால் வரும் புதிய பதிப்புகள் எல்லாம் ஆயுளுக்கும் இலவசம் என்று அந்தக் கம்பெனி கொடுத்த வாக்கு இன்றுவரை தப்பவில்லை. இந்தத் தொழிலில் அது அபூர்வம்.

எவ்வளவு அபூர்வம் என்பதற்கு ஜெர்மனியைக் கேட்கலாம். லாஜிக் என்ற சாஃப்ட்வேர் ஹாம்பர்க் பக்கத்தில் எமேஜிக் என்ற கம்பெனியில் வளர்ந்தது. 2002ல் ஆப்பிள் அதை வாங்கியது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் லாஜிக்கை நம்பியிருந்தவர்களுக்கு அதோடு கதை முடிந்தது. ஒன்று மேக் வாங்கு, அல்லது வேறு வீடு பார். அமெரிக்காவின் கேக்வாக் இன்னொரு உதாரணம். 2017 நவம்பரில் கிப்சன் கம்பெனி அதைக் கைவிட்டது. 2018ல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் வாங்கி இலவசமாகவே கொடுத்தது. பிறகு பெயரும் நிபந்தனையும் மறுபடி மாறின. சத்தம் எதில் நன்றாக வரும் என்று பையன்கள் இரவெல்லாம் சண்டை போடுகிறார்கள். அதில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஐந்து வருஷம் கழித்து இன்றைய பாட்டைத் திறக்க முடியுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நேரு பிளேஸ் வழி இந்தக் கேள்வியில்தான் உதை வாங்குகிறது. போலி சாஃப்ட்வேருக்குப் பேர்போன அந்தச் சந்தையின் பெயர், அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் ‘பெயர் கெட்ட சந்தைகள்’ பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அங்கே வாங்கினாலும், வீட்டிலிருந்தே டவுன்லோட் செய்தாலும், பூட்டு உடைத்த பிரதி ஒன்றுதான். பாதிப் பையன்கள் அதில்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வைரஸ், ஒரு விண்டோஸ் அப்டேட் போதும், பழைய பாட்டுகள் திறக்காமல் போக. ஒரு நாள் பாட்டு விலை போய், இசை கம்பெனி ‘டிரம்ஸை மட்டும் தனியாக அனுப்பு, பேஸைக் குறைத்துக் கொடு’ என்று கேட்கும்போது கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் பக்கம் வளர்ந்த பையனுக்கு ராப் என்றால் 1994ல் வந்த ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ ஞாபகம் வரும். அல்லது 2006ல் யோகி பி, நட்சத்திரா குழு வெளியிட்ட ‘வல்லவன்’. அது பிறந்த மலேசியாவின் தூதரகமும் சாணக்யபுரியில்தான், சத்ய மார்க்கில். அவன் கானாவின் தாளத்தைப் பீட்டில் கொண்டுவரப் பார்த்தால் 16 கட்டங்கள் முரண்டு பிடிக்கும். காரணம், அது சதுஸ்ர நடைக்கான பெட்டி. கானாவும் பறையின் பல அடிகளும் திஸ்ர நடையில் ஓடுகின்றன. கட்டங்களை 12 ஆக்கினால் நடை உட்கார்ந்துவிடும். பாட்டின் நடுவே நடை மாற்றுவதானால் எஃப்.எல். ஸ்டூடியோவில் 2018ல்தான் அதற்குச் சரியான வழி வந்தது. அடி சற்றே பிந்தி விழும் அழகை எந்தக் கட்டமும் தராது. டெட்ராய்ட்டின் ஜே டில்லா, அகாய் எம்.பி.சி. மெஷினில் தவறைத் திருத்தும் வசதியை ஒதுக்கிவிட்டு விரலாலேயே தட்டினார். அந்த மெஷின் இப்போது வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது.

பணமே இல்லையென்றால்? மும்பையின் நேஸி 2014ல் ‘ஆஃபத்’ பாட்டை ஐபேடை வைத்துக்கொண்டே முடித்தார். கெண்ட்ரிக் லமாரின் ‘பிரைட்’ (2017) பாட்டின் இசையை ஸ்டீவ் லேசி ஐஃபோனில் தொடங்கினார். ரிஹானாவின் ‘அம்ப்ரெல்லா’வில் ஒலிக்கும் டிரம்ஸ், கராஜ்பேண்டோடு யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு துண்டு. ஆப்பிள் வாங்க முடியாத வீட்டில் பழைய லேப்டாப்புக்கு ரீப்பர் இருக்கிறது. 60 நாள் சோதனை, பிறகு தனிநபருக்கு 60 டாலர். கட்டம் தட்டும் சுகம் அதில் இல்லை, ஆனால் குரல் பதிவுக்குக் குறைவில்லை.

எந்த நாட்டில் குடியேறினாலும் ஒரு பாட்டு முடிந்த இரவே செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். டிரம்ஸ், பேஸ், குரல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி வேவ் ஃபைலாக வெளியே எடுத்து, எத்தனை பி.பி.எம். என்று ஃபைல் பெயரிலேயே எழுதி, இன்னொரு ஹார்ட் டிஸ்கில் போட்டுவைக்க வேண்டும். வேவ், 1991ல் மைக்ரோசாஃப்ட்டும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து வகுத்த வடிவம். மேலே சொன்ன எல்லா சாஃப்ட்வேரிலும் அது திறக்கிறது.