நாற்சந்தியில் நிற்க யாருக்குத் தகுதி?

நம்ம ஊர்களில் நாலு ரோடு கூடுகிற இடம் இருந்தால் போதும், அங்கே ஒரு சிலை நிற்கும். சில சிலைகளுக்குக் கம்பிக் கூண்டு வேறு! பிறந்த நாளன்று ஆளுயர மாலை, மற்ற நாளெல்லாம் காக்கை எச்சம். "இவர் யாரும்மா, என்ன செஞ்சார்?" என்று பிள்ளை கேட்டால், பீடத்தில் அதற்குப் பதில் இருக்காது. திறந்து வைத்தவர் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும்.

இது ஆம்பளைங்க விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது சகோதரிகளே! எவனோ ராத்திரியில் ஒரு சிலையைச் சேதப்படுத்திவிட்டால் மறுநாள் பஸ் ஓடாது, கடை திறக்காது. பள்ளிக்கூடம் போன பிள்ளை வந்து சேருகிற வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பது நாம்தானே? ஆகவே யாருக்குச் சிலை வைக்கலாம் என்று சொல்ல நமக்கும் உரிமை உண்டு.

என்னைக் கேட்டால், ஒருவர் செய்த நன்மையை அனுபவித்த ஜனங்கள்தான் அதைத் தீர்மானிக்க வேண்டும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கைப் பாருங்கள். அவர் நம்ம சாதியும் இல்லை, கட்சியும் இல்லை, இங்கிலீஷ்காரர். ஆனால் 1895-இல் அந்தத் தண்ணீர் வந்த பிறகுதான் கம்பம் பள்ளத்தாக்கும் மதுரைச் சீமையும் செழித்தன. இன்றும் அங்கே வீட்டில் அவர் படத்தை மாட்டுகிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அரசு மணிமண்டபம் கட்டிச் சிலை வைத்தது 2013-இல்தான். அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே ஜனங்க மனசில் அவருக்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு வெள்ளைக்காரன் நீல். 1857 புரட்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் ஈவு இரக்கம் இல்லாமல் நம் மக்களைத் தூக்கில் போட்ட ராணுவ அதிகாரி. அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். அதை எடுக்கச் சொல்லி 1927-இல் நடந்த போராட்டத்தில் கடலூர் அஞ்சலை அம்மாள், ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு கலந்துகொண்டு சிறைக்குப் போனார். ராஜாஜி ஆட்சிக்கு வந்த 1937-இல்தான் அந்தச் சிலை மியூசியத்துக்குப் போனது. உடைக்கவில்லை, எரிக்கவில்லை. அதுதான் சரியான முறை.

நீல் யாரென்று பாடப் புத்தகம் சொல்லும். பெற்ற மகளோடு அவனை எதிர்த்து நின்ற அஞ்சலை அம்மாளை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் வைத்த சிலைகளில் பெண்கள் இரண்டே பேர், ஔவையாரும் கண்ணகியும். இருவரையும் நான் கும்பிடுகிறேன். ஆனால் ஒருவர் பழம்பாட்டி, ஒருவர் காப்பியத் தலைவி. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி கொண்டுவந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்த முறையை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், இவர்களெல்லாம் ஊருக்கு ஊர் நிற்க வேண்டியவர்கள் இல்லையா?

அதற்காக நடுரோட்டில் வைக்கச் சொல்லவில்லை. பொதுச் சாலையில் சிலைக்கு அனுமதி கூடாது என்று 2013-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாகிவிட்டது. நூலக வாசல், பெண்கள் பள்ளி, பூங்கா என்று எத்தனையோ இடம் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களுக்குச் சிலை வேண்டவே வேண்டாம். வீடு வீடாகக் கட்டாய வசூலும் கூடாது. அவர் என்ன செய்தார் என்று பீடத்தில் நாலு வரி, குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள். நாலு வரி எழுத விஷயம் இல்லை என்றால், அந்தச் சிலையே தேவையில்லை!

கிராம சபையில் நம்மைக் கூப்பிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த தடவை சிலைத் தீர்மானம் வந்தால், "இவர் நமக்கு என்ன செஞ்சார்?" என்று எழுந்து நின்று கேளுங்கள் தோழிகளே. பதில் வந்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.

- ஒரு இல்லத்தரசி, கடலூர் மாவட்டம்