திருமறையைக் காக்கும் செவிகள்

அருள்மறையாம் திருக்குர்ஆனைத் தானே காப்பதாக அல்லாஹுத்தஆலா ‘அல்ஹிஜ்ர்’ அத்தியாயத்தின் 9-ஆம் வசனத்தில் வாக்களித்திருக்கிறான். அந்த வாக்குறுதியை எண்ணி உள்ளம் குளிராத முஸ்லிம் எவரும் இலர். ஆயினும், அக்குளிர்ச்சியின் நிழலில் ஒரு சோம்பலும் நம்மிடையே குடியேறிவிட்டது. “இறைவன் காக்கின்றான், அச்சகங்கள் இலட்சக்கணக்கில் அச்சிடுகின்றன, கைபேசியில் முப்பது ஜுஸ்வும் அடங்கிக் கிடக்கின்றன, இனி நாம் செய்வதற்கு என்ன இருக்கிறது?” என்று எண்ணத் தலைப்பட்டுவிட்டோம். உணவளிப்பவன் அல்லாஹ் என்று உறுதியாக நம்பும் உழவர் அதற்காக ஏர் பூட்டாமல் இருந்துவிடுவதில்லை. திருமறையின் காரியத்தில் மட்டும் நாம் ஏரைப் பரணில் ஏற்றிவிட்டு விளைச்சலுக்குக் காத்திருப்பது முறையாகுமா?

இறைவன் தன் வாக்குறுதியை எவ்வழியாக நிறைவேற்றினான் என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். ஒருவர் ஓத, மற்றொருவர் செவிதாழ்த்திக் கேட்டுத் திருத்துவது என்னும் வழியாகவே அவன் அதனை நிறைவேற்றினான். இதற்குத் தொடக்கமும் வானிலிருந்தே வந்தது. ஆண்டுதோறும் ரமளான் மாதத்தில் வானவர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து, அதுவரை அருளப்பெற்ற மறைவசனங்களைப் பெருமானார் (ஸல்) அவர்களுடன் ஓதிச் சரிபார்த்தார்கள். அண்ணலாரின் வாழ்வின் இறுதி ரமளானில் இது இருமுறை நிகழ்ந்தது. மறை எவர்மீது இறங்கியதோ, அவரே ஆண்டுதோறும் ஓதிக்காட்டிச் சரிபார்த்தார்கள் என்றால், “எனக்கு ஓதத் தெரியும்; இனி எவரிடமும் ஓதிக்காட்ட வேண்டியதில்லை” என்று சொல்லத் தகுந்தவர் யார்?

ஒருமுறை பெருமானார் (ஸல்) அவர்கள் தம் தோழர் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை அழைத்துத் தமக்கு ஓதிக்காட்டுமாறு கேட்டார்கள். தங்கள்மீது அருளப்பட்டதைத் தங்களுக்கே நான் ஓதுவதா என்று அவர் வியந்தபோது, பிறர் ஓதக் கேட்பதைத் தாம் விரும்புவதாக அண்ணலார் கூறினார்கள். அவர் ‘அந்நிஸா’ அத்தியாயத்தை ஓதிவந்து 41-ஆம் வசனத்தை அடைந்தபோது, அண்ணலாரின் கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கேட்பதும் ஒரு வணக்கமே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கி.பி. 632-இல் பெருமானார் (ஸல்) அவர்கள் மறைந்த சிறிது காலத்திற்குள் யமாமா போர் மூண்டது. திருமறையை நெஞ்சில் சுமந்திருந்த பலர் அக்களத்தில் உயிர்த்தியாகம் செய்தனர். உமர் (ரலி) அவர்களின் உள்ளம் நடுங்கியது. அவர்களின் யோசனையை ஏற்று, கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் மறையை ஒரே தொகுப்பாகத் திரட்டும் பணியை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஒரு மலையைப் பெயர்க்கச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்று கருதிய அந்த இளைஞர், தாமே மறையை மனனம் செய்தவர். ஆயினும் தம் நினைவை மட்டும் நம்பி அவர் எழுதிவிடவில்லை. பேரீச்ச மட்டைகளிலும், மெல்லிய கற்களிலும் எழுதப்பட்டிருந்தவற்றையும், மனிதர்களின் நெஞ்சங்களில் பதிந்திருந்தவற்றையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கியே தொகுத்தார். ஏடு நெஞ்சுக்குச் சாட்சி. நெஞ்சு ஏட்டுக்குச் சாட்சி. இவ்விரண்டில் ஒன்றைக் கைவிட்டாலும் காவல் குறைந்துவிடும் என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

பின்னர் ஆர்மீனியா, அஸர்பைஜான் பகுதிகளில் படைவீரர்கள் ஓதலில் வேறுபட்டுப் பிணங்குவதைக் கண்டு ஹுதைஃபா (ரலி) அவர்கள் எச்சரித்தபோது, கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் அத்தொகுப்பிலிருந்து படிகள் எடுத்துப் பல பகுதிகளுக்கும் அனுப்பினார்கள். அக்கால அரபு எழுத்தில் இன்று நாம் காணும் ஸபர், ஸேர், பேஷ் என்னும் உயிர்க்குறிகள் இல்லை. எழுத்துகளை வேறுபடுத்தும் புள்ளிகளும் அரிதாகவே இடப்பட்டன. ஓதக் கற்றவருக்கே அந்த ஏடு பேசும்; கல்லாதவருக்கு அது வாய்திறவாது. 2015-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலுள்ள இரண்டு தோல் ஏடுகளின் காலம் கணிக்கப்பட்டு, அத்தோல் கி.பி. 568-க்கும் 645-க்கும் இடைப்பட்டது என்று அறிவிக்கப்பட்டது. அச்செய்தியை நாமெல்லாம் மகிழ்ச்சியோடு பகிர்ந்துகொண்டோம். அந்த ஏட்டிலும் உயிர்க்குறிகள் இல்லை. அதனை இன்று ஒருவர் தடையின்றி ஓத முடிகிறதென்றால், பதினான்கு நூற்றாண்டுகளாக வாயிலிருந்து செவிக்கும், செவியிலிருந்து வாய்க்கும் மறை கைமாறி வந்திருப்பதே அதற்குக் காரணம்.

கைமாற்றிய அக்கரங்களுள் ஒன்றை இங்கு நினைவுகூர்வோம். கூஃபா நகரில் அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ (ரஹ்) என்னும் பெரியார் வாழ்ந்தார். திருமறையைக் கற்று, அதனைப் பிறருக்குக் கற்பிப்பவரே உங்களுள் சிறந்தவர் என்னும் கருத்தமைந்த நபிமொழியை உஸ்மான் (ரலி) அவர்கள் வாயிலாக அறிவித்தவர் அவர்தாம். உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம் தொடங்கி, ஹஜ்ஜாஜ் ஆளுநராக இருந்த காலம் வரை அவர் அமர்ந்து ஓதிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். தம்மை அவ்விடத்தில் அமர்த்தியது அந்த நபிமொழியே என்றும் கூறினார். அவரிடம் ஓதியவர் ஆஸிம் (ரஹ்). ஆஸிமிடம் ஓதியவர் ஹஃப்ஸ் (ரஹ்). இன்று தமிழகத்திலும் உலகின் பெரும்பகுதியிலும் ஓதப்படுவது அந்த ஹஃப்ஸ் வழி வந்த ஓதல் முறையே. நம் வீட்டுக் குழந்தை அம்ம ஜுஸ்வை விரித்து ஓதும்போது, அந்தக் கூஃபாப் பள்ளிவாசலின் ஓதலே அதன் நாவில் ஒலிக்கிறது.

இனி நம் நிலைக்கு வருவோம். நம் முன்னோர்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அதற்கு அரபுத்தமிழ் என்று பெயர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர்கள் மார்க்க நூல்களை அவ்வெழுத்திலேயே ஆக்கினார்கள். தமிழ் எழுத்தறியாத நம் பாட்டியரும் அரபு எழுத்தறிந்திருந்தமையால் அந்நூல்களைப் படித்துப் பயன்பெற்றார்கள். திருமறை ஓதக் கற்றது அவர்களுக்கு எழுத்தறிவின் வாயிலாகவே அமைந்தது. இன்றோ காலம் தலைகீழாகிவிட்டது. அப்பாட்டியரின் பேரப்பிள்ளைகள், பட்டங்கள் பெற்றவர்கள், ‘யாசீன்’ அத்தியாயத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட சிறு நூல்களைத் தேடி வாங்குகிறார்கள்.

தமிழ் எழுத்தில் ஓதினால் என்ன குறை என்று கேட்போர் உண்டு. அரபியில் நாவின் வேரில், தொண்டையை ஒட்டிப் பிறக்கும் ‘காஃப்’ என்பது ஓர் எழுத்து. அதற்குச் சற்று முன்னே பிறக்கும் ‘காஃப்’ என்பது வேறோர் எழுத்து. இவ்விரண்டின் பெயரைக்கூடத் தமிழில் வேறுபடுத்தி எழுத இயலவில்லை என்பதைப் பாருங்கள்! முதல் எழுத்தால் ‘கல்ப்’ என்றால் உள்ளம். இரண்டாம் எழுத்தால் ‘கல்ப்’ என்றால் நாய். மறுமையில் செல்வமும் மக்களும் பயன்தராத நாளில் தூய உள்ளத்தோடு வருபவரே பயன்பெறுவார் என்று ‘அஷ்ஷுஅரா’ அத்தியாயம் உரைக்கும் இடத்தில், நாவு தடம்மாறினால் பொருள் எங்கே போய் நிற்கும்! ‘பள்ளிக்குப் போனேன்’ என்பதைப் ‘பல்லிக்குப் போனேன்’ என்று ஒருவர் சொன்னால் தமிழர் நாம் பொறுப்போமா? தாய்மொழிக்குக் காட்டும் அக்கறையை இறைமொழிக்குக் காட்டவேண்டாமா?

“அதற்குத்தான் ஒலிப்பதிவுகள் உள்ளனவே!” என்பர் சிலர். உண்மைதான். தேர்ந்த காரீகள் மறைந்தால் அவர்களின் ஓதலும் உடன் மறைந்துவிடுமே என்னும் கவலையால் எகிப்தில் எடுக்கப்பட்ட முயற்சியின் பயனாக, 1961-ஆம் ஆண்டில் காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் குரலில் திருமறை முழுவதும் ஒலிப்பதிவாக வெளிவந்தது. அது மாபெரும் தொண்டு. ஆனால் ஒலிப்பதிவு ஓதும். நாம் ஓதுவதைக் கேளாது. அண்மைக் காலத்தில் வந்துள்ள சில கைபேசிச் செயலிகள் ஓதுவதைக் கேட்டு, விடுபட்ட சொல்லைச் சுட்டிக்காட்டவும் செய்கின்றன. மனனம் செய்தவர் மீளப் பார்த்துக்கொள்ள அவை உதவட்டும், தடையில்லை. எனினும் ஏழு வயதுக் குழந்தையின் எதிரில் அமர்ந்து, அதன் வாயசைவைக் கண்ணால் கண்டு, நாவு எங்கே படவேண்டும் என்று தாமே ஒலித்துக்காட்டி, நூறு முறை பிழைத்தாலும் நூற்றோராவது முறையும் பொறுமையோடு கேட்கும் ஹஜ்ரத்தின் செவிக்கு அவை ஈடாகமாட்டா.

அந்தச் செவிக்கு நாம் அளிக்கும் மதிப்பு என்ன? காலையில் ஃபஜ்ருக்குப் பின்னும் மாலையில் அஸருக்குப் பின்னும் மக்தப் மதரசாவுக்கென்று இருந்த நேரத்தைப் பள்ளிக்கூட வாகனமும் தனிப்பயிற்சி வகுப்பும் பங்கிட்டுக்கொண்டுவிட்டன. கணக்குப் பாடத்திற்குத் தனிப்பயிற்சி தருபவர் கேட்கும் கட்டணத்தை மறுபேச்சின்றித் தருகிறோம். ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்தின் ஊதியத்தைச் சில நூறு ரூபாய் உயர்த்துவதற்கு மட்டும் ஜமாஅத் கூட்டத்தில் நெடுநேரம் வாதிடுகிறோம். பள்ளிவாசலுக்குப் பளிங்குத் தளம் இடுவதற்கு முந்துகின்ற கைகள், அத்தளத்தில் அமர்ந்து கற்பிப்பவரின் அடுப்பெரிவதற்குப் பிந்துகின்றன. வறுமை தாங்காமல் அவர் வேறு தொழில் தேடிப் போய்விட்டால், அறுபடுவது ஒரு மனிதரின் பிழைப்பன்று. கூஃபாவிலிருந்து நம் தெருவரை வந்து சேர்ந்த சங்கிலியின் கடைசிக் கண்ணியே ஆகும். திருமறை எங்கேனும் காக்கப்பட்டே தீரும், அது இறைவாக்கு. நம் தெருவில் காக்கப்படுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

“பொருளறியாமல் ஓதுவதால் என்ன பயன்?” என்ற வினாவையும் இன்று அடிக்கடி கேட்கிறோம். பொருளறிய வேண்டும் என்பதில் ஆலிம்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதற்காகவே ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள் பல்லாண்டுகள் உழைத்துத் திருமறை முழுவதையும் தமிழில் தந்தார்கள். நபித்தோழர்கள் பத்து வசனங்களைக் கற்றால், அவற்றின் பொருளையும் அதன்படி நடக்கும் முறையையும் அறியாமல் அடுத்ததற்குச் செல்லமாட்டார்கள் என்பதை அறிவித்தவரும், மேலே நாம் கண்ட அந்த ஓதலாசிரியர் ஸுலமீ (ரஹ்) அவர்களே. ஓதலும் பொருளும் ஒரே பாயில் அமர்ந்து கற்கப்பட்டவை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை விலக்குவது, கனியைக் காட்டி மரத்தை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே ஒவ்வொரு முஸ்லிம் இல்லமும் நாள்தோறும் கால்மணி நேரத்தைக் கேட்பதற்கென்று ஒதுக்கட்டும். மஃரிபுக்குப் பின் தொலைக்காட்சியையும் கைபேசியையும் நிறுத்திவிட்டு, பிள்ளை ஓத, தாயோ தந்தையோ திருமறையை விரித்துவைத்துக்கொண்டு கேட்கட்டும். ஓதத் தெரியாத பெற்றோர் வெட்கப்படாமல் ஹஜ்ரத்திடமோ, பெண்களாயின் ஆலிமாவிடமோ சென்று அமரட்டும். திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு நற்கூலிகள் உண்டு என்பது அண்ணலார் (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. நரைத்த தாடியோடு அலிஃப், பே ஓதத் தொடங்குவது இழிவன்று. ரமளானில் தராவீஹ் தொழவைக்கும் ஹாபிழ், பின்னிருப்பவர் லுக்மா கொடுத்தால் அக்கணமே தம்மைத் திருத்திக்கொண்டு மேலே ஓதுகிறார். ஆயிரம் பேர் எதிரில் திருத்தப்படுவதை அவர் இழுக்காகக் கருதுவதில்லை. அப்பணிவு நமக்கும் வேண்டும். ஜமாஅத்துகளும் கட்டட நிதியைக் கணக்கிடும் முன்னர், மக்தபில் ஓதிக்கொடுப்பவரின் குடும்பச் செலவைக் கணக்கிடட்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ், தன் திருமறையை ஓதும் நாவுகளையும், அதனைக் கேட்டுத் திருத்தும் செவிகளையும் நம் இல்லங்களில் என்றென்றும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.