பந்தும் பந்தயமும்

கரோல்பாக்கிலிருந்து அன்பர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இத்தாலியின் துரின் நகரில் யுவெண்டஸும் டோரினோவும் அடுத்த முறை மோதும்போது யார் கெலிப்பார் என்று இப்பகுதியில் ஆரூடம் கூறவேண்டுமாம். முதியவருக்குக் கால்பந்தில் இத்தனை பற்றா என்று வியந்தோம். கடிதத்தின் இறுதியில்தான் விஷயம் விளங்கிற்று. அவருடைய பேரன் கைப்பேசி வழியே இத்தகைய ஆட்டங்களின்மீது பணம் கட்டி, கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தோற்றுவிட்டான். இழந்ததை மீட்க இன்னும் ஒரே ஓர் ஆட்டம் போதும் என்கிறானாம்.

ஆரூடத்தை முதலில் சொல்லிவிடுவோம். யுவெண்டஸ் தோற்காது. 2015 ஏப்ரலில் 2-1 என்று வென்ற டோரினோ, அதன்பின் பத்தாண்டுகளில் இப்பங்காளிச் சண்டையில் ஒருமுறையேனும் வெல்லவில்லை. ஆயினும் இரண்டும் ஓரூர்க் குழுக்கள். சொந்த மைதானத்தின் அனுகூலம் இங்கே மெலிந்துவிடுகிறது. 2025 ஜனவரியில் 1-1, நவம்பரில் 0-0. ஆகவே கோல்கள் குறைந்து, வெற்றி தோல்வியின்றி முடியவும் இடமுண்டு.

இவ்வளவு தெரிந்தவன் பணம் பண்ணலாகாதா என்று பேரன் கேட்பான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வெற்றி, தோல்வி, சமநிலை ஆகிய மூன்றும் சமவாய்ப்புடையவை என்று கொள்வோம். நியாயப்படி ஒரு ரூபாய்க்கு மூன்று ரூபாய் தரவேண்டும். பந்தயக்காரனோ இரண்டே முக்கால்தான் தருவான். மூன்றின்மீதும் நூறு நூறாகக் கட்டினால் முந்நூறு போய் இருநூற்றெழுபத்தைந்து திரும்பும். எந்தக் குழு வென்றாலும் அந்த இருபத்தைந்து அவனுடையது. நமது ஆரூடம் அவனுக்கும் தெரிந்ததே. அதை விலையில் சேர்த்துத்தான் அவன் கடை விரிக்கிறான்.

விலையில் சேராதவையும் உண்டு. 1982 உலகக் கோப்பையில் இத்தாலி முதல் மூன்று ஆட்டங்களையும் சமநிலையில் முடித்துத் தட்டுத்தடுமாறியது. பிறகு பிரேஸிலை 3-2 என்று வீழ்த்திக் கோப்பையையும் கொண்டது. அந்த மூன்று கோல்களையும் அடித்த பாவ்லோ ரோஸி, 1980-ல் வெளிப்பட்ட பந்தய ஊழலில் தடைபெற்று, அவ்வாண்டுதான் ஆடுகளம் திரும்பியவர். தாம் குற்றமற்றவர் என்றே அவர் கூறிவந்தார். அதே ஊழலுக்காக மிலான், லாசியோ என்ற பெருங்குழுக்கள் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டன. ஆட்டமே விலைபோகுமிடத்தில் ஆரூடக்காரன் என்ன செய்வான்?

இத்தாலி வரை போவானேன்? நமது டில்லியில் 1955-ல் நடந்த டூராண்ட் கோப்பையை வெலிங்டனின் மதராஸ் ரெஜிமெண்ட் மையம் கெலித்தது. அடுத்த ஆண்டு ஈஸ்ட் பெங்கால், அதற்கடுத்து ஹைதராபாத் போலீஸ், 1958-ல் மறுபடியும் நமது மதராஸ் வீரர்கள்! இருமுறையும் அக்குழுவில் இருந்த பீட்டர் தங்கராஜ், முன்னணியில் கோல் அடிப்பவராகத் தொடங்கிப் பின்னர் கோல் காப்பவராக மாறிப் புகழ் பெற்றவர். எந்தப் பழைய புள்ளிப் பட்டியல் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

கரோல்பாக் அன்பருக்கு ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆடி இழந்தவனை அது தண்டிப்பதில்லை. ஆகவே பையன் அஞ்சாமல் தன் தந்தையிடம் உள்ளதைச் சொல்லலாம். தாங்களும் உடனிருங்கள். கட்டணத்துக்குத் தவணை கேட்டுக் கல்லூரிக்கு இவ்வாரமே எழுதுங்கள்.

துரின் ஆட்டத்தை அவன் பார்க்கட்டும், காசில்லாமல். நமது ஆரூடம் பொய்த்தால் இப்பகுதியிலேயே ஒப்புக்கொள்கிறோம்.