முகம் காட்டினால்தான் சத்துமாவா?

முகப்பதிவு இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துணவு கிடையாது என்ற மத்திய அரசின் உத்தரவு 2025 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அங்கன்வாடி பணியாளர்கள் தெருவில் இறங்கிப் போராடிப் பார்த்துவிட்டார்கள். சிக்னல் கிடைக்காத ஊர்களில் கைக்குழந்தைக்காரிகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கும் மரத்தடிக்கும் அலைந்து பார்த்துவிட்டார்கள். கட்டாயம் அசையவில்லை. உத்தரவுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் ஒரே வாதத்தைத் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள்: கிராமத்துப் பெண்களுக்குப் புதிய தொழில்நுட்பம் என்றாலே பயம், நாளாக நாளாகப் பழகிவிடும்.

இந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை அது மறைக்கிறது. பயத்தைப் போக்கும் பொறுப்பு யாருடையது என்பதையும் மறைக்கிறது.

இந்த முகப்பதிவு நடக்கும் போஷன் டிராக்கர் செயலி கேட்பது இதுதான். கர்ப்பிணியும் பாலூட்டும் தாயும், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையின் தாயும் முதலில் ஆதாரைச் சரிபார்க்க வேண்டும். ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓடிபி வரும். அதைப் பணியாளரிடம் சொல்ல வேண்டும். பிறகு கேமரா முன் நின்று கண்ணைச் சிமிட்ட வேண்டும். முகம் பொருந்தினால் பதிவு முடியும். அதன்பின் மாவு வாங்க வரும்போதெல்லாம் அதே முகம் பொருந்த வேண்டும். தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட மையங்கள், நாடு முழுவதும் ஏறத்தாழ 14 லட்சம் மையங்கள் இந்தக் கட்டாயத்தின் கீழ் வந்திருக்கின்றன.

இதில் ஓடிபி என்ற ஒரு படியைப் பற்றி மட்டுமே நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

ஓடிபியை யாரிடமும் சொல்லாதே என்பதை இந்த நாடு எத்தனை பாடுபட்டுக் கற்றுக்கொண்டது! வங்கிகள் ஒவ்வொரு குறுஞ்செய்தியிலும் எழுதி அனுப்பின. காவல் துறை பேருந்து நிலையத்தில் பதாகை கட்டியது, கல்லூரிகளில் கூட்டம் போட்டது. யாரையாவது அழைத்தால் எதிர்முனையில் மணி அடிப்பதற்கு முன்பே சைபர் மோசடி எச்சரிக்கை மாதக்கணக்கில் நம் காதில் ஒலித்தது. ஏமாந்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசு என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2024 அக்டோபரில் பிரதமரே தமது வானொலி உரையில் டிஜிட்டல் கைது மோசடியைப் பற்றி விளக்கி, பதறாதீர்கள், நின்று யோசியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். டிஜிட்டல் விழிப்புணர்வு என்ற பெயரில் கடைக்கோடிக் கிராமம் வரை உருப்படியாகப் போய்ச் சேர்ந்த பாடம் என்று ஒன்றைச் சொல்ல முடியுமானால், அது இதுதான். நூறு நாள் வேலைக்குப் போன பாட்டிக்கும் இன்று அது தெரியும்.

அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்த அதே அரசுதான் இப்போது ஒரு பணியாளரை வீட்டு வாசலுக்கு அனுப்பி ஓடிபியைக் கேட்கிறது. சொல்லத் தயங்குகிற தாயை அறியாதவள் என்கிறது. அந்தத் தாய் கேட்க வேண்டியதைத்தான் கேட்கிறார். இந்த எண்ணைச் சொன்னால் என் கணக்கில் இருக்கும் பணம் போகாது என்பதற்கு என்ன உறுதி? மகப்பேறு உதவித்தொகை வாங்கித் தருகிறோம் என்று பேசிப் பணத்தைச் சுருட்டிய மோசடிகள் நடந்திருக்கும் நாட்டில் இது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள், உத்தரவைப் போட்டவர். அவர் பேசவில்லை. எந்த ஓடிபியைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, ஆதார் சரிபார்ப்புக்கு வரும் செய்தியை வங்கிச் செய்தியிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று நமக்குத் தெரிந்து இந்த உத்தரவுக்கு முன்னால் ஊர் ஊராக யாரும் வந்து விளக்கவில்லை. எச்சரிக்கையை ஒலிபரப்பக் கிடைத்த அலைவரிசையில் விளக்கத்தையும் ஒலிபரப்பியிருக்கலாமே. ஏன் செய்யவில்லை?

தாய் சம்மதித்துவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. ஆதாரோடு இணைத்த எண் பல வீடுகளில் கணவனுடையது. அவர் திருப்பூரிலோ கேரளத்திலோ வேலையில் இருப்பார். அவரை அழைத்து, வந்த எண்ணைச் சொல்லச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் போனால் அது செல்லாது. போனில் ஓடிபி கேட்டால் துண்டித்துவிடு என்று அவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பழைய எண்ணைத் தொலைத்தவர்கள் ஆதார் மையத்தில் வரிசையில் நிற்க வேண்டும், அதற்கு ஒரு நாள் கூலியை விட வேண்டும். பள்ளிக்கூட வயதில் எடுத்த ஆதார் படத்தோடு பிள்ளை பெற்ற முகம் பொருந்தவில்லை என்று செயலி கைவிரித்துவிடுவதும் உண்டு. இத்தனையும் எதற்காக? மாதம் சில பொட்டலம் மாவுக்காக.

இந்தக் குழப்பம் முழுவதும் வந்து விழுவது அங்கன்வாடி பணியாளரின் தலையில். அவர் அந்த ஊர்க்காரர். அந்தத் தாய்க்கு முதல் குழந்தை பிறந்தபோது எடை பார்த்தவர், அக்கா என்று அழைக்கப்படுகிறவர். இன்று அவர் கையில் செல்போனோடு வந்தால் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். படம் எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்கான பதிலை எத்தனை பணியாளர்களுக்குச் சொல்லித் தந்தீர்கள்? எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைப் பயிற்சி என்று சொல்லிவிட முடியாது. மேலதிகாரி வாட்ஸ்அப்பில் இன்று எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்கிறார், ஊர் வாசலில் நின்று சண்டை போடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். 2018க்குப் பிறகு அந்தத் தொகை உயரவில்லை.

போலிகளை ஒழிக்கவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். கர்ப்பிணி என்று நடித்து மாவு வாங்கிப் போகும் பெண்கள் ஊருக்கு எத்தனை பேர்? ஒரே தெருவில் வாழும் பணியாளருக்கு யார் வயிற்றில் பிள்ளை என்று தெரியாதா? மாவின் தரத்திலும் எடையிலும் கொள்முதலிலும் கைவைக்கிறவர்கள் உண்டு என்றால், அவர்கள் யாரும் கேமரா முன் வந்து கண்ணைச் சிமிட்டப் போவதில்லை.

அரசுகள் இதேபோல் முன்பு செய்தவற்றையும் இந்த இடத்தில் நினைவூட்டியாக வேண்டும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை 1.76 கோடிப் பிள்ளைகளுக்கு ஊசி போட வேண்டும். நல்ல திட்டம். குழந்தைகளைக் காக்கும் தடுப்பூசி. பெற்றோருக்கு அது என்ன, ஏன், முன்பே போட்டிருந்தாலும் மறுபடி எதற்கு என்று சொல்லும் வேலை ஊசிக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. வாட்ஸ்அப் வதந்தி முந்திக்கொண்டது. பள்ளி வாசலில் தாய்மார்கள் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போக நின்றார்கள். பிப்ரவரியில் முடிய வேண்டிய இயக்கம் மார்ச்சுக்கு நீண்டது. மருத்துவர்கள் பள்ளி பள்ளியாகப் போய்ப் பெற்றோரை உட்காரவைத்துப் பேசினார்கள். முதலில் செய்திருக்க வேண்டியதைக் கடைசியில் செய்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று குடும்ப அட்டை ரத்தாகி மாதக்கணக்கில் அரிசி கிடைக்கவில்லை, பட்டினியில்தான் இறந்தாள் என்றார் அவள் தாய். நோயில் இறந்தாள் என்றது அரசு. அட்டை ரத்தானதை யாரும் மறுக்கவில்லை.

2021இல் மகாராஷ்டிரத்தில் அங்கன்வாடி பணியாளர்கள் அரசு கொடுத்த போன்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2 ஜிபி நினைவகத்தோடு வந்த அந்தப் போன்கள் புதிய செயலியைத் தாங்கவில்லை, செயலியும் ஆங்கிலத்தில் இருந்தது என்பது அவர்கள் புகார். வழக்கு மும்பை உயர் நீதிமன்றம் வரை போனது. போனைக் கொடுத்தவருக்கும் செயலியைச் செய்தவருக்கும் இடையில் பேச்சுவார்த்தையே இல்லை போலும்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகைப் பதிவுக்கு ஒரு செயலி வந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் கட்டாயம், நாளுக்கு இரண்டு முறை படம். வெயிலில் மண் வெட்டியவர்கள் சர்வர் வேலை செய்யாததால் கூலியை இழந்தார்கள். முறைகேடு நின்றதா? 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகம் அனுப்பிய சுற்றறிக்கையே பதில் சொல்கிறது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள், படத்தையே படம் பிடித்து ஏற்றுவது, ஒரே ஆட்கள் பல பதிவேட்டில் இருப்பது என்று அது பட்டியல் போடுகிறது. ஏமாற்றத் தெரிந்தவன் ஒரு வாரத்தில் வழி கண்டுபிடித்துவிட்டான். ஏமாற்றத் தெரியாதவர்கள் கூலியை விட்டார்கள். ஒரு செயலியின் தோல்வியை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட அதே மாதத்தில் அடுத்த செயலியைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். தாளைப் புரட்டிப் பார்க்கவாவது வேண்டாமா?

இத்தனை தவறுகளிலும் ஒரே குணம். கருவி முதலில், கட்டாயம் அடுத்து, கஷ்டம் மூன்றாவது. விளக்கம் கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். தடுமாறுகிறவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று பேசுவது மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

மக்களுக்குப் புதுமையின் மேல் வெறுப்பு இருப்பதாக எண்ணுகிறவர்கள் புதுக்கோட்டைக்குப் போய்வரட்டும். 1991இல் ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவுப் பாடத்தோடு சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் சேர்த்தார். பெண் சைக்கிளில் ஏறினால் ஊர் என்ன பேசும் என்ற பயம் அப்போது சின்னதாக இல்லை. விழுந்துவிடுவோம் என்ற பயமும் இருந்தது. உத்தரவு போட்டு அதை விரட்டவில்லை. தொண்டர்கள் இரவில் லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசினார்கள், பாட்டுக் கட்டினார்கள், மைதானத்தில் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். வங்கிகள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுத்தன. விவசாயக் கூலிப் பெண்களும் கல்குவாரிப் பெண்களும் சைக்கிளில் ஏறினார்கள். சைக்கிள் ஓட்டத் தெரியாவிட்டால் ரேஷன் கிடையாது என்று யாராவது அன்று சொல்லியிருந்தால், அந்த மாவட்டத்துப் பெண்கள் சைக்கிளை வாழ்நாள் முழுக்க வெறுத்திருப்பார்கள்.

இன்று அதே கிராமங்களில் பூக்காரம்மா ஜிபே வைத்திருக்கிறார். பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கரைக் கூடையில் மாட்டியிருக்கிறார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. பக்கத்துக் கடைக்காரர் காட்டிக்கொடுத்தார், ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தார், வந்ததைக் கண்ணால் கண்டார், நம்பினார். வேண்டாம் என்றால் ரொக்கமாக வாங்கிக்கொள்ளும் உரிமை கடைசி வரை அவர் கையில் இருந்தது. சத்துமாவுக்கு வரும் தாய்க்கு அந்த உரிமை இல்லை.

இங்கே பேசப்படுவது சலுகையும் அல்ல. 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4, 5 பிரிவுகள் கர்ப்பிணிக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் இந்த உணவைச் சட்டப்படி உறுதி செய்கின்றன. ஆதார் எண் காட்ட முடியவில்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் திட்டப் பயன் மறுக்கப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் தெளிவாகச் சொன்னது. ஒப்புதல் கேட்டால் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் அறிவிப்பு கிடைக்க வேண்டும் என்று 2023இல் நாடாளுமன்றம் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. நாடாளுமன்றம் ஒன்று சொல்கிறது, நீதிமன்றம் ஒன்று சொல்கிறது, செயலி வேறொன்று சொல்கிறது. ஊரில் செல்லுபடியாவது செயலி சொல்வதுதான் என்றால், இந்த நாட்டை ஆள்வது யார்?

சென்னையும் இதில் பார்வையாளராக நின்றுவிட முடியாது. நமது மையங்களில், நமது பணியாளர்களை வைத்து, நமது தாய்மார்களிடம் நடப்பது இது. சதவீதக் கணக்கை டெல்லிக்கு அனுப்புவதோடு மாநில அரசின் கடமை முடிந்துவிடாது.

மக்களுக்குப் புரியும் மொழியில், அவர்கள் நம்பும் ஆட்களைக் கொண்டு, அவர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் ஒரு பெரிய முயற்சி தேவை. அதை எப்படி நடத்துவது என்பதை அதிகாரிகள் பணியாளர்களோடு உட்கார்ந்து முடிவு செய்யட்டும். எத்தனை மாதம் ஆனாலும் ஆகட்டும். முதல் ஆயிரம் நாட்கள் முக்கியம் என்று சுவரெல்லாம் எழுதிவைத்தவர்களுக்கு, ஒரு கைக்குழந்தைக்கு இந்த மாதம் தவறிய உணவை அடுத்த ஆண்டு கொடுத்து ஈடுகட்ட முடியாது என்பது தெரியாதிருக்க நியாயமில்லை. அந்த முயற்சி முடியும்வரை முகப்பதிவின் கட்டாயத்தை நிறுத்திவையுங்கள். பதிவேட்டில் கையெழுத்தோ ரேகையோ வாங்கிக்கொண்டு மாவைக் கொடுத்தனுப்புங்கள்.