உதவித்தொகை முடியும் இடத்தில் விசா தொடங்குகிறது

பிரிட்டனில் முதுநிலைப் படிப்பை முடிக்கும் வெளிநாட்டு மாணவர்கள், வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்குவதற்கு இரண்டு ஆண்டு விசா தரப்பட்டுவருகிறது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் மூன்று ஆண்டு என்பது தொடரும். ஆறு மாதம்தானே என்று வசதியுள்ள வீட்டார் கடந்துவிடலாம். அரசு உதவித்தொகையில் விமானம் ஏறிய சேரிப் பிள்ளைக்கு வாழ்க்கையை முடிவுசெய்யும் ஆறு மாதம் அது.

கணிதமும் புள்ளியியலும் படித்துவிட்டு, மருத்துவ ஆராய்ச்சியில் புள்ளியியலாளராக வேண்டும் என்று கேட்டு வரும் பிள்ளைகளை நாம் இப்போது கூடுதலாகப் பார்க்கிறோம். அவர்களின் முதல் கேள்வி, "படிக்க இடம் கிடைத்துவிடும், வேலைக்கு ஸ்பான்சர் கிடைக்குமா?" என்பதுதான். நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்த சித்தப்பாவோ மாமாவோ லண்டனில் நமக்கு இல்லை. அதனால்தான் அதைப் பற்றி இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில், இந்த வேலை என்ன? ஒரு மருந்து உண்மையிலேயே பலித்ததா, தற்செயலா என்பதைக் கணக்கிட்டுச் சொல்பவர் புள்ளியியலாளர். எத்தனை நோயாளிகள் வேண்டும், யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைப் பாரபட்சமில்லாமல் எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் ஆய்வு தொடங்கும் முன்பே அவர் வகுக்கிறார். 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வுக்கு ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் வகுத்த முறைதான் இன்றைய மருந்துச் சோதனைகளுக்கு முன்மாதிரி. 2020இல் கொரோனா நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் பலன் தருகிறது என்று காட்டிய 'ரிகவரி' ஆய்வும் பிரிட்டனில் நடந்ததே.

இந்த வரலாற்றில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, சானடோரியத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் நோய் குணமாகும் என்று 1959இல் காட்டியது. உலகமே தன் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், அன்றைய சென்னை அரசு ஆகியவை சேர்ந்து நடத்திய ஆய்வு அது. அதில் பங்கேற்றவர்கள் நெருக்கடியான வீடுகளில், அரை வயிற்றுச் சாப்பாட்டோடு வாழ்ந்த நகரத்து ஏழைகள். எண்ணப்படும் இடத்தில் ஏழைகள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். எண்ணும் இடத்துக்கு நம் பிள்ளைகள் வர வேண்டும் என்பதுதான் நம் விருப்பம்.

வழி எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். பட்டதாரி விசாவுக்கு ஸ்பான்சர் தேவையில்லை. அதற்குப் பிறகும் தங்க வேண்டுமானால் பெரும்பாலோருக்குத் திறன்பெற்ற பணியாளர் விசாதான் வழி. உள்துறையிடம் உரிமம் பெற்ற நிறுவனம் மட்டுமே அதற்கு ஸ்பான்சர் செய்ய முடியும். 2025 ஜூலை 22 முதல் இந்த விசாவுக்கான பொது ஊதிய வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. பல்கலைக்கழகங்களில் தொடக்கநிலை ஆய்வுப் பணிகள் பலவற்றின் ஊதியம் இதைத் தொடுவதில்லை. இங்கேதான் பலர் மனம் உடைந்து ஊர் திரும்புகிறார்கள்.

ஆனால் 'புதிதாக நுழைபவர்' என்றொரு சலுகை இருக்கிறது. 26 வயதுக்குக் கீழ் உள்ளவர்களும், மாணவர் விசாவில் இருந்தோ பட்டதாரி விசாவில் இருந்தோ மாறுகிறவர்களும் இதில் வரலாம். அவர்களுக்கு வரம்பு 33,400 பவுண்டு, அல்லது அந்த வேலைக்கென அரசு வகுத்த ஊதியத்தில் 70 சதவீதம். இவற்றில் எது அதிகமோ அது. இந்தச் சலுகை மொத்தம் நான்கு ஆண்டுக்குத்தான். பட்டதாரி விசாவில் கழித்த காலமும் அந்த நான்கில் சேரும். ஆகவே விசா கையில் இருக்கிறது என்று கிடைத்த கடை வேலையில் காலத்தை ஓட்டினால், சலுகையும் சேர்ந்தே கரையும்.

எனவே தேடலை முதல் பருவத்திலேயே தொடங்க வேண்டும். உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசே இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. மருத்துவமனைகளோடும் பல்கலைக்கழகங்களோடும் இணைந்த மருந்துச் சோதனை மையங்களை அதில் தேடலாம். பல்கலைக்கழகங்கள் அயல்நாட்டு ஆய்வாளர்களை எடுத்துப் பழகியவை. ஊதிய விகிதத்தையும் வெளிப்படையாக அறிவிப்பவை. மருந்து நிறுவனங்களும், அவற்றுக்கு ஒப்பந்த ஆய்வு செய்து தரும் நிறுவனங்களும் அடுத்த வாசல். அங்கே சாஸ் மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழக மையங்களில் ஆர், ஸ்டாட்டா அதிகம் புழங்கும். விண்ணப்பத்தில் 'ஸ்பான்சர் தேவையா' என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. உரிமம் இருந்தாலும் எல்லாப் பணிக்கும் ஸ்பான்சர் செய்ய மாட்டார்கள் என்பதால், விண்ணப்பிக்கும் முன்பே மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டுவிடலாம்.

ஆய்வுப் பணிகள் பெரும்பாலும் மானியத்தோடு கட்டப்பட்டவை. ஒப்பந்தம் முடிந்து ஸ்பான்சர் விலகினால், வேறு இடம் தேடப் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். இதையும் தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்பான்சர் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் தரகர்கள் பெருகிவிட்டார்கள். உரிமக் கட்டணத்தையும், சான்றிதழ்க் கட்டணத்தையும், பணியாளருக்காகச் செலுத்தும் திறன் கட்டணத்தையும் நிறுவனமே ஏற்க வேண்டும். பணியாளரிடம் வசூலிக்கக் கூடாது என்பது அந்நாட்டு விதி. பணம் கேட்டாலே அது நேர்மையான வேலை இல்லை என்று முடிவு செய்துவிடலாம். அம்மாவின் தாலியையும் அப்பாவின் அரை ஏக்கரையும் அந்தத் தரகரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம்.

இனி அரசுகளிடம் வருவோம். ஒன்றிய அரசின் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகையில் நாடு முழுவதுக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் பட்டியல் சாதியினருக்கு 115. 2025இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் ஆணை தரப்பட்டது. மற்றவர்களுக்கு நிதி இருப்பைப் பொறுத்து என்றார்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. பாராட்டத்தக்க திட்டம். ஆனால் படிப்பு முடிந்த மறுநாள் என்ன? பட்டதாரி விசாவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அதோடு ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் சுகாதாரக் கூடுதல் கட்டணத்தை முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். நேர்காணல்களுக்குப் போய்வரும் மாதங்களில் வாடகையும் சாப்பாடும் இருக்கின்றன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அப்பா பணம் அனுப்புவார். நம் பிள்ளைக்கு?

இந்த இடைவெளி புதிதல்ல. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா சென்ற அம்பேத்கர், 1916இல் லண்டனில் படிக்கத் தொடங்கினார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. பம்பாயில் வேலை செய்து சேமித்த பணத்தோடும் நண்பரிடம் பெற்ற கடனோடும் 1920இல் மீண்டும் லண்டன் போய்த்தான் முடித்தார். ஒரு நூற்றாண்டு கழித்தும் அந்த இடைவெளியைக் கடக்கும் செலவைப் பிள்ளையின் தலையிலேயே வைத்திருக்கிறோம்.

நாம் கேட்பது பெரிய தொகை அல்ல. படிப்பு முடிந்த பிறகு ஆறு மாதச் செலவுக்கும் விசாக் கட்டணத்துக்கும் தாட்கோ மூலம் வட்டியில்லாக் கடன் தரலாம். புறப்படும் முன்பே விசா விதிகளையும், உதவித்தொகை ஒப்பந்தத்தில் ஊர் திரும்புவது பற்றிய நிபந்தனைகளையும் தமிழில் விளக்கும் பயிற்சியை மாவட்டந்தோறும் ஆதிதிராவிடர் நலத்துறை நடத்தலாம். ஏற்கெனவே போய் வேலையில் அமர்ந்தவர்களை, அவர்கள் சம்மதத்தோடு, புதிதாகப் போகிறவர்களுடன் இணைத்துவைக்கலாம்.

திரும்பி வருகிறவர்களும் தோற்றவர்கள் அல்லர். சேத்துப்பட்டுக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும், அயப்பாக்கம் தொற்றுநோயியல் நிறுவனமும் இந்தத் திறன் வேண்டியிருக்கும் இடங்கள்தான். போவதா, தங்குவதா, திரும்புவதா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். கையில் பணமில்லை, விவரம் சொல்ல ஆளில்லை என்பதற்காக அந்த முடிவு அவர்கள் கையைவிட்டுப் போகக் கூடாது.